சவுக்குத் தோப்பு வெட்டும்போது மண்ணின் கரிமத்தையும் சத்தையும் காப்பது எப்படி

ஒரு ஏக்கர் சவுக்கை வெட்டி லாரியில் ஏற்றினால் எடைமேடைச் சீட்டில் மரத்தின் எடை மட்டும்தான் வரும். மரத்தோடு சேர்ந்து வயலைவிட்டுப் போன சாம்பல்சத்துக்கும் (பொட்டாசியம்) சுண்ணாம்புச்சத்துக்கும் (கால்சியம்) யாரும் சீட்டு எழுதுவதில்லை. முதல் தோப்பு நன்றாக வந்து, இரண்டாவது சுமாராகி, மூன்றாவதில் "மண்ணு செத்துப்போச்சு" என்ற பேச்சு வரும்போது பழி விதைக்கும் நாற்றுக்கும் மழைக்கும் போகிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கரையோர மணலில் தப்பு பெரும்பாலும் வெட்டு நடக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

கட்டையை விற்பதில் தவறில்லை, அதற்காகத்தானே வளர்த்தது. கட்டையோடு கூடவே பட்டை, மிளார் (மெல்லிய கிளை), சருகு, வேர் என எல்லாம் போவதுதான் மண்ணைக் கரைக்கிறது.

மரத்தில் எது எங்கே இருக்கிறது

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம் (கார்பன்). அது காற்றிலிருந்து வந்தது, போனால் அடுத்த தோப்பு மறுபடி காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து மூன்றும் அப்படி இல்லை. மண்ணிலிருந்து வேர் உறிஞ்சியவை அவை, லாரியில் ஏறினால் திரும்பி வராது. தழைச்சத்து (நைட்ரஜன்) நடுவில் நிற்கிறது. சவுக்கு வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் முடிச்சு கட்டிக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால், தைலமரத்தோடு ஒப்பிட்டால் சவுக்குக்கு இதில் கவலை குறைவு.

இந்தச் சத்துகள் மரத்தில் சமமாகப் பரவி இருப்பதில்லை. கட்டை கனமானது, ஆனால் சத்தில் ஏழை. பச்சை ஊசித்தழையும் மெல்லிய மிளாரும் எடை குறைந்தவை, சத்தில் பணக்காரர்கள். பட்டையில் சுண்ணாம்புச்சத்து குவிந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள சத்து விகிதங்கள் கணக்கு காட்ட எடுத்துக்கொண்டவை, உங்கள் தோப்பில் ஆய்வக முடிவு வந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் பட்டை உரித்த கட்டை பச்சையாக 36 டன், பட்டை 4 டன், தழையும் மிளாரும் 8 டன் என்று வைப்போம். உலர்ந்த எடை பாதி என்றால் முறையே 18, 2, 4 டன்.

கட்டையில் தழைச்சத்து 0.25, மணிச்சத்து 0.02, சாம்பல்சத்து 0.15, சுண்ணாம்புச்சத்து 0.2 சதவீதம் என்று கொண்டால் வெளியே போவது 45, 3.6, 27, 36 கிலோ. பட்டையில் அதே வரிசையில் 0.6, 0.03, 0.3, 1.5 சதவீதம் என்றால் 12, 0.6, 6, 30 கிலோ. தழை மிளாரில் 1.2, 0.08, 0.6, 1.2 சதவீதம் என்றால் 48, 3.2, 24, 48 கிலோ.

கூட்டிப் பாருங்கள். எடையில் முக்கால் பங்கு கட்டைதான். ஆனால் தழைச்சத்திலும் சாம்பல்சத்திலும் அதன் பங்கு பாதிக்கும் கீழே, சுண்ணாம்புச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி அத்தனையும், நீங்கள் "கழிவு" என்று சொல்லி அடுப்புக்கோ செங்கல் சூளைக்கோ கொடுத்துவிடுகிற அந்த 6 டன்னில் இருக்கிறது. மரம் எவ்வளவு இளசாக வெட்டப்படுகிறதோ அவ்வளவுக்குப் பட்டை, தழையின் பங்கு கூடும். மூன்று ஆண்டில் வெட்டும் தோப்பு, டன்னுக்கு டன் பார்த்தால், ஆறு ஆண்டில் வெட்டும் தோப்பைவிட மண்ணை அதிகம் உறிஞ்சுகிறது.

வெட்டுக்கு முன்: மண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

வெட்டிய பிறகு எடுத்த மண்ணை வைத்துக்கொண்டு என்ன போனது என்று சொல்ல முடியாது. ஒப்பிட முன்பே எடுத்த மண் வேண்டும். வெட்டுக்கு ஒரு மாதம் முன்பு, மழை பெய்யாத வாரத்தில் செய்யுங்கள்.

ஏக்கருக்கு 10 முதல் 12 இடம். வளைந்து வளைந்து நடந்து பாதி இடங்களை மர வரிசையிலும் பாதியை வரிசைக்கு நடுவிலும் தேர்ந்தெடுங்கள். வரிசையில் மட்டும் எடுத்தால் வேரும் சருகும் சேர்ந்து கரிமத்தைக் கூட்டிக் காட்டும். வரப்பு ஓரம், பழைய நெருப்புக் குழி, எரு கொட்டிய இடம் வேண்டாம். பழைய கரித்துண்டு ஆய்வில் ஓரளவு கரிமமாகவே எண்ணப்படும், அங்கே எடுத்த மண் பொய் சொல்லும்.

ஒவ்வொரு இடத்திலும் சருகை முதலில் கையால் ஒதுக்குங்கள். வி வடிவக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து 0–15 செ.மீ. ஒரு பக்கெட், 15–30 செ.மீ. வேறொரு பக்கெட். எல்லா இடத்து மண்ணையும் ஆழவாரியாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோ ஆக்கி, நிழலில் உலர்த்தி, வேரைப் பொறுக்கிவிட்டு அனுப்புங்கள். அங்ககக் கரிமம், மணிச்சத்து, சாம்பல்சத்து, கார அமில நிலை, உப்பு நிலை ஐந்தும் கேளுங்கள். கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் மண்வள அட்டை "குறைவு" என்றே சொல்லும். கரையோர மணலில் இது புதிதல்ல, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சருகைத் தனியாக அளக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் போட்டு, உள்ளே இருக்கும் சருகை மணல் ஒட்டாமல் அள்ளி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். ஐந்து இடத்துச் சராசரி எடுங்கள். சதுர மீட்டருக்கு 600 கிராம் வந்தால் ஏக்கருக்கு சுமார் 2.4 டன் சருகு.

இறுக்கத்தை மறந்தால் கணக்கு ஏமாற்றும்

மண் கரிமத்தைச் சதவீதத்தில் மட்டும் பார்த்தால் போதாது, மண்ணின் அடர்த்தியும் வேண்டும். 5 செ.மீ. விட்டம், 5 செ.மீ. உயரம் கொண்ட இரும்பு வளையத்தை மண்ணில் நேராக அடித்து இறக்கி, இரண்டு பக்கமும் கத்தியால் வழித்து, உள்ளே உள்ள மண்ணை 105 டிகிரி சூட்டில் ஒரு நாள் உலர்த்தி நிறுங்கள். வளையத்தின் கொள்ளளவு 98 கன செ.மீ. மண் 147 கிராம் இருந்தால் அடர்த்தி 1.5. வளையத்தைச் சுத்தியால் நேரடியாக அடித்தால் உள்ளே மண் அழுங்கி அடர்த்தி கூடிவிடும். மேலே ஒரு மரக்கட்டை வைத்து அடியுங்கள்.

கரிமச் சதவீதத்தை அடர்த்தியாலும், ஆழத்தைச் செ.மீ.யிலும் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை டன் கரிமம் என்று நேராக வந்துவிடும். வெட்டுக்கு முன் 0.40 × 1.50 × 30 = 18 டன். ஏக்கருக்கு என்றால் 2.47ஆல் வகுத்து 7.3 டன்.

இனி வெட்டு முடிந்து லாரி போய்வந்த பிறகு அதே வயலில் 0.38 சதவீதம், அடர்த்தி 1.60 என்று வருகிறது என்று வையுங்கள். அதே பெருக்கல்: 0.38 × 1.60 × 30 = 18.24. கரிமம் கூடிவிட்டதாம்! உண்மையில் கூடவில்லை. மண் இறுகியதால் அதே 30 செ.மீ.க்குள் அதிக மண் வந்து உட்கார்ந்துவிட்டது. முன்பு 30 செ.மீ.யில் ஹெக்டேருக்கு 4,500 டன் மண் இருந்தது. இப்போதும் அதே 4,500 டன்னுக்குக் கணக்குப் போட்டால் 17.1 டன். அதாவது 0.9 டன் போயிருக்கிறது. எடைக்கு எடை ஒப்பிடாமல் ஆழத்துக்கு ஆழம் ஒப்பிடுபவர்கள் நட்டத்தை லாபமாக எழுதிவிடுவது இப்படித்தான்.

ஆய்வகத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் மண் ஆய்வகங்களில் பெரும்பாலும் வேதிக்கரைசலில் கரிமத்தை அளக்கும் வாக்லி–பிளாக் முறை. அது கரிமம் முழுவதையும் பிடிப்பதில்லை, சுமார் 77 சதவீதத்தைத்தான் பிடிக்கிறது என்று வைத்து 1.3ஆல் பெருக்கித் திருத்துவார்கள். திருத்திய எண்ணா, திருத்தாத எண்ணா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எரித்து அளக்கும் கருவியில் வந்த எண்ணை இதோடு ஒப்பிடக் கூடாது.

விலை பேசும்போதே பேசிவிடுங்கள்

மண்ணைக் காப்பாற்றும் முதல் வேலை மண்வெட்டியில் தொடங்குவதில்லை, விலை பேசும் இடத்தில் தொடங்குகிறது. தோப்பை மொத்தமாகக் குத்துமதிப்பில் கொடுத்தால் மிளாரும் வேரும் வியாபாரிக்குச் சொந்தம். வெட்டும் ஆட்கள் அதைக் கட்டாகக் கட்டி ஓரத்தில் அடுக்கிய பிறகு நீங்கள் வாதாடிப் பயனில்லை. டன் கணக்கில், பட்டை உரித்த கட்டைக்கு மட்டும் விலை பேசுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: எந்தக் கனத்துக்குக் கீழே உள்ள மிளார் வயலில் இருக்கும், பட்டை உரிப்பது வயலுக்குள், வண்டி எந்த வழியாக வரும்.

இரண்டு விரல் கனத்துக்குக் கீழே உள்ளது எல்லாம் வயலுக்கு என்பது கூலி ஆட்களுக்குப் புரிகிற அளவு. சென்டிமீட்டர் சொன்னால் யாரும் அளக்கப்போவதில்லை.

மிளாருக்கு நல்ல விலை வருகிறதே என்பீர்கள். நியாயம்தான். எரிபொருள் மின்நிலையங்கள் முழு மரத்தையும் துருவலாக்கி வாங்குகின்றன, காசு உடனே கையில் வருகிறது. அந்த விலையில் இருந்து, கீழே சொல்லும் ஈடு உரத்தின் செலவைக் கழித்துப் பாருங்கள். பிறகும் மிஞ்சினால் விற்கலாம். களி கலந்த செம்மண்ணில் ஒருமுறை விற்றால் மண் தாங்கும். கரையோர மணலில் அதைச் செய்யச் சொல்ல மாட்டோம்.

காங்கோவின் பொன்த் நுவார் பக்கத்து மணலில் தைலமர வெட்டுக் கழிவை வைத்து நடந்த நீண்டகாலச் சோதனை இதற்குப் பொருத்தமான சாட்சி. கழிவை முழுக்க அகற்றிய துண்டுகளில் அடுத்த மரங்கள் தெளிவாகவே பின்தங்கின. அதே ஆய்வுத் தொடரில் கேரளத்துத் தைலமரத் தோப்புகளிலும் சோதனை நடந்தது. மண் எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்குக் கழிவின் அருமை தெரியும்.

எப்போது வெட்டுவது, வண்டியை எங்கே விடுவது

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, ஐப்பசியில் வயலை மொட்டையாக வைத்துவிட்டு மழையை எதிர்கொள்வது மோசமான ஏற்பாடு. மணலில் கரைந்த சத்து வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். தை பிறந்த பிறகு மண் காய்ந்திருக்கும்போது வெட்டுவது நல்லது. வெட்டுக்கும் அடுத்த செடி வேர் பிடிப்பதற்கும் இடையில் உள்ள நாட்களைக் குறைப்பதுதான் நோக்கம்.

ஏன் என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டைப் பார்க்கலாம். 1965 கடைசியில் அங்கே ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரம் அத்தனையையும் வெட்டி, ஒரு குச்சியைக்கூட வெளியே கொண்டுபோகாமல் அங்கேயே போட்டார்கள். பிறகு மூன்று கோடைக்குக் களைக்கொல்லி அடித்து எதையும் முளைக்கவிடவில்லை. ஓடையில் நைட்ரேட் (தழைச்சத்தின் கரையும் வடிவம்) குடிநீர் வரம்பைத் தாண்டி ஏறியது. மரத்தை எடுத்துப்போகாமலே சத்து போய்விட்டது, பிடித்து வைக்க உயிருள்ள வேர் இல்லாததால். களை முளைத்தால் உடனே சுத்தமாக வழித்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நடவு தள்ளிப்போகுமானால் சும்மா விடாதீர்கள். கோடை மழையைப் பிடித்து பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ சணப்பை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்குங்கள். வரிசைக்கு நடுவே முதல் ஆண்டு கடலை போடுவது நம் ஊர் வழக்கம், அதுவும் நல்லதுதான். ஆனால் கடலைக் கொடியை மாட்டுக்கு அள்ளிக்கொண்டு போனால் அதுவும் ஒரு அறுவடைதான் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டிப் பாதை ஒன்றே ஒன்று போதும். மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் சில தடவை சக்கரம் ஏறும்போதே நடந்துவிடும். ஆகவே வயல் முழுக்க ஒவ்வொரு தடவை ஓட்டுவதைவிட ஒரே தடத்தில் ஐம்பது தடவை ஓட்டுவது மேல். பாதையில் மிளாரை ஒரு முழ உயரம் பரப்பி, அதன் மேல் வண்டி ஏறட்டும். வேலை முடிந்ததும் அந்தப் பாதையை மட்டும் ஆழமாகக் கிளறிவிடலாம். செம்மண்ணும் களியும் உள்ள இடத்தில் வண்டி இறங்குமுன் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்து உருட்டிப் பாருங்கள். உருண்டை நின்றாலும் விரலால் தட்டினால் உதிர்ந்தால் சரி. கயிறாகத் திரண்டால் வண்டி வேண்டாம், இன்னும் நாலு நாள் பொறுங்கள்.

பட்டையையும் மிளாரையும் பரப்புவது

பட்டையை வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் உரிக்க வேண்டும். பச்சையாக இருக்கும்போது நீளமாகக் கழன்று வரும், காய்ந்தால் கட்டையில் ஒட்டிக்கொண்டு கூலி இரட்டிப்பாகும். உரிக்கும் எந்திரம் கொண்டுவந்தால் அதை ஒரே இடத்தில் நிறுத்திப் பட்டையை மலையாகக் குவித்துவிடுவார்கள். வயல் முழுவதற்குமான சுண்ணாம்புச்சத்து அந்த ஒரு சென்ட் இடத்தில் போய்ச் சேரும். அதிலிருந்து வாரி வரிசைக்குப் பரப்பும் கூலியையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மிளாரை ஒன்று ஒன்றரை அடித் துண்டாக அரிவாளால் நறுக்கி, ஒன்றுவிட்டு ஒரு இடைவெளியில் வரிசையாகப் போடுங்கள். மற்ற இடைவெளி நடந்து போக, தண்ணீர் பாய்ச்ச. மண்ணோடு ஒட்டிக் கிடக்கட்டும். தூக்கலாகக் குவிந்தால் காய்ந்து விறகாகத்தான் நிற்கும், மக்காது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மக்குவதை வேகப்படுத்தலாம் என்று ரோட்டவேட்டர் விட்டு மிளாரையும் மரத்தூளையும் மண்ணுக்குள் கலந்துவிடுகிறார்கள். மரத்தில் கரிமம் ஏராளம், தழைச்சத்து சொற்பம். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைத் தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடித்துக்கொள்ளும். புதிதாக நட்ட செடி மாதக்கணக்கில் வெளிறி நிற்கும். மண் மேலே கிடந்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மேலே மூடாக்காகவே விடுங்கள்.

கரையான் வரும் என்ற பயம் பொய்யல்ல. நாற்றைச் சுற்றி அரை அடி வட்டம் சுத்தமாக இருக்கட்டும், மிளார் தண்டைத் தொடக் கூடாது. தோப்பில் கொப்புளப் பட்டை நோய் இருந்திருந்தால் கதை வேறு. பட்டை கொப்புளித்து, உள்ளே கறுப்புப் பொடி உள்ள மரங்களின் பட்டையையும் வேர்க்கட்டையையும் வயலில் விடக் கூடாது, தனியாக எடுத்து அப்புறப்படுத்துங்கள். அப்புறப்படுத்தச் சொல்வது அந்த நோய் மரங்களை மட்டும், அதைச் சாக்காக வைத்து மொத்தத்தையும் எரித்துவிட வேண்டாம்.

சருகு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். முன்பு அளந்த 2.4 டன் சருகில் ஏறத்தாழ ஒரு டன் கரிமம். 30 செ.மீ. மண் முழுவதிலும் இருப்பது 7.3 டன் என்று பார்த்தோம். துடைப்பத்தால் கூட்டி அடுப்புக்குக் கொண்டுபோவது இந்த இரண்டும் சேர்ந்த கையிருப்பில் எட்டில் ஒரு பங்கு. 1990இல் லூசியானாவில் தொடங்கி அமெரிக்காவிலும் கனடாவிலும் பல காடுகளுக்குப் பரவிய ஒரு நீண்டகால ஆய்வும் இதையே காட்டியது. தண்டு மட்டும், முழு மரம், முழு மரமும் தரைச்சருகும் என்று மூன்று விதமாக எடுத்துப் பார்த்ததில், பத்தாண்டில் மேல் 20 செ.மீ. மண்ணின் கரிமம் குறைந்தது தரைச்சருகையும் சுரண்டி எடுத்த இடங்களில்தான். முழு மரத்தை எடுத்ததில் அந்தப் பத்தாண்டில் பெரிய வீழ்ச்சி தெரியவில்லை. அங்கே ஒரு மரத்துக்குப் பல பத்தாண்டு கெடு. நம் தோப்பில் அதே காலத்துக்குள் இரண்டு மூன்று வெட்டு விழுந்துவிடும் என்பதால் அந்த ஆறுதலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நெருப்பு

எரித்த வயலில் முதல் ஆண்டுச் செடி பச்சைப்பசேலென்று இருக்கும். இதைப் பார்த்துத்தான் எரிக்கிறார்கள். சாம்பலில் உள்ள சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் ஒரே நாளில் கரையும் நிலைக்கு வந்துவிடுவதால் வரும் பளபளப்பு அது. தழைச்சத்து சுமார் 200 டிகிரியிலேயே புகையாகத் தொடங்கும். குவித்து எரித்தால் அதில் பெரும்பங்கு போய்விடும். சாம்பல்சத்து புகையாவதற்கு 700 டிகிரிக்கு மேல் வேண்டும், சுண்ணாம்புச்சத்துக்கு அதைவிட இரட்டிப்பு. ஆகவே அவை சாம்பலில் தங்கும். பிறகு கடற்காற்று ஒரு பங்கை அள்ளும், முதல் மழை மீதியை இறக்கும்.

எரித்த குவியலின் அடியைத் தோண்டிப் பாருங்கள். மேலே சாம்பல், அதன் கீழே இரண்டு விரல் அளவு செம்பழுப்பாகச் சுட்ட மண், அதற்கும் கீழே கறுத்த படை. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் அந்தக் கறுத்த படையில் முத்து முத்தாக நின்று பிறகுதான் இறங்கும். அங்கே நட்ட நாற்று அடுத்த ஆண்டும் குட்டையாக நிற்பதைத் தோப்பின் நடுவே வட்ட வட்டமாகக் காணலாம்.

வயலில் மிளாரைக் காயப்போட்டு வைத்திருப்பவர் தீ தடுப்பையும் கவனிக்க வேண்டும். நாலு பக்கமும் பத்தடிக்குச் சருகு இல்லாத சுத்தமான கரை, சாலைப் பக்கம் என்றால் இன்னும் கொஞ்சம் அகலம்.

வேர்க்கட்டை

நம் கரையோரத்தில் பழகிய சவுக்கு இனம் சரியாகத் துளிர்ப்பதில்லை. அதனால் தூரோடு தோண்டி வேரையும் விறகாக விற்கும் பழக்கம். மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கிறது. அதுதான் மண்ணின் ஆழத்துக்குக் கரிமத்தைக் கொண்டுபோகும் முக்கிய வழி.

தோண்டாமல் விடுவதே எங்கள் பரிந்துரை. தரை மட்டத்துக்கு அறுத்துவிட்டு, அடுத்த நடவைப் பழைய வரிசைக்கு நடுவே போடுங்கள். முன்பு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் நட்டிருந்தால் கடப்பாரைக் குழிக்கு இடம் தாராளம். உழவு ஓட்ட முடியாதே என்பார்கள். சவுக்குக்கு முழு உழவு தேவையில்லை, குழி போதும்.

வேர் விலைக்கு ஆசைப்பட்டுத் தோண்டுவதானால் ஜேசிபி வேண்டாம். அது ஒரு தூருக்கு மூன்றடிப் பள்ளம் எடுத்து, கரிமமே இல்லாத அடி மணலை மேலே கொட்டி, கறுத்த மேல்மண்ணை உள்ளே புதைத்துவிடும். ஆள் வைத்துத் தோண்டி, பக்கவேரை அறுத்து, மண்ணை அதே குழியில் உதறி, முடிச்சுள்ள மெல்லிய வேர்களை அங்கேயே விட்டு, அன்றைக்கே மேல்மண் மேலே வரும்படி மூடுங்கள்.

தைலமரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அடியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு, பட்டை கிழியாமல் சாய்வாக அறுத்தால் மறுதாம்பு துளிர்க்கும். வேர் சாகாததால் சத்தையும் பிடித்து வைக்கும். துளிரைக் கழித்து ஒன்று இரண்டாக்கும்போது கழித்ததை அங்கேயே போடுங்கள். காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்காத மரம் என்பதால் ஈடு உரத்தில் தழைச்சத்தையும் சேர்க்க வேண்டும்.

போனதை ஈடு கட்டுவது

இப்போது முன்பு போட்ட கணக்கைத் திரும்ப எடுங்கள். உர மூட்டையில் மணிச்சத்தை பி2ஓ5 என்றும் சாம்பல்சத்தை கே2ஓ என்றும் குறிப்பதால் முன்னதை 2.29ஆலும் பின்னதை 1.2ஆலும் பெருக்க வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவீதம், பொட்டாஷில் 60 சதவீதம்.

கட்டை மட்டும் வெளியே போனால் மணிச்சத்து 3.6 கிலோ: 3.6 × 2.29 ÷ 0.16, சுமார் 52 கிலோ சூப்பர். சாம்பல்சத்து 27 கிலோ: 27 × 1.2 ÷ 0.6, அதாவது 54 கிலோ பொட்டாஷ். எல்லாமே வெளியே போனால் 106 கிலோ சூப்பர், 114 கிலோ பொட்டாஷ். வித்தியாசம் ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டைக்கு மேல். மிளார் விலையிலிருந்து கழிக்கச் சொன்னது இதைத்தான். பட்டையோடும் தழை மிளாரோடும் கூடுதலாகப் போன 60 கிலோ தழைச்சத்துக்கு யூரியா 130 கிலோ ஆகும். முடிச்சு நன்றாக இருந்தால் சவுக்கில் இதைப் போட வேண்டியதில்லை.

சூப்பரை நடவுக் குழியிலேயே போடுங்கள். மணிச்சத்து குறைந்தால் வேர்முடிச்சு கட்டுவதும் குறையும், தழைச்சத்துக்கும் சேர்த்துத்தான் இந்தச் செலவு. பொட்டாஷை ஒரே தடவை மணலில் கொட்டினால் பாதி கீழே போய்விடும். முதல் ஆண்டில் இரண்டு தவணை, இரண்டாம் ஆண்டில் ஒன்று. நாற்று நட்ட ஆறாம் மாதம் நாலைந்து செடியைக் கிளறி வேரில் முடிச்சு இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் ஃபிராங்கியா இல்லாத நாற்று வந்திருக்கிறது, அடுத்த முறை நாற்றங்காலிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

சுண்ணாம்புச்சத்துக்கு ஜிப்சம் வாங்குமுன் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். லிட்டருக்கு 40 மில்லிகிராம் கால்சியம் இருந்தாலே, ஒரு ஏக்கருக்கு 100 மி.மீ. பாசனத்தில் 16 கிலோ வந்துவிடும். ஆழ்துளைப் பாசனமுள்ள பல தோப்புகளில் இந்தச் செலவே தேவைப்படாது. மானாவாரியில் தேவைப்படும்.

மறுபடி எப்போது அளப்பது

வெட்டி ஓராண்டு கழித்து ஒரு முறை, அடுத்த வெட்டுக்கு முன் ஒரு முறை. அதே மாதம், அதே ஆழம், அதே ஆய்வகம், அதே வளையம். ஆண்டுதோறும் எடுத்து 0.40 இருந்தது 0.43 ஆகிவிட்டது என்று மகிழ்வதோ, 0.37 ஆகிவிட்டது என்று வருந்துவதோ வீண். ஒரே வயலில் பத்தடி தள்ளி எடுத்தாலே அந்த அளவு வித்தியாசம் வரும். வெட்டிய முதல் ஆண்டு மண் கரிமம் கொஞ்சம் இறங்குவதும் இயல்பு. வெயில் நேரே விழுந்து மண் சூடேறி, மக்குவது வேகமாகும், புதிய சருகு வரத்தும் நின்றிருக்கும். இரண்டாவது தோப்பின் கிளைகள் ஒன்றையொன்று தொட்டு நிழல் கட்டிய பிறகு எடுக்கும் எண்தான் உங்கள் வெட்டு மண்ணை என்ன செய்தது என்று சொல்லும். முதல் மண்ணில் ஒரு பிடியை டப்பாவில் போட்டு, தேதி எழுதி, காய்ந்த இடத்தில் வைத்திருங்கள். ஆய்வக எண்ணில் சந்தேகம் வந்தால் பழையதையும் புதியதையும் ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்துச் சரிபார்க்கலாம்.